பெரியம்மாவின் முதுகில் ஒரு தையல்

ஜோயல்,

கிறிஸ்துமஸ் அன்று ஆலய வாசலில் உன் பெரியம்மா மலரைக் கேலி செய்தபோது நீ ஏன் சிரித்தாய்? அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். உன்னைக் கேட்டால், "நான் எங்கம்மா சிரிச்சேன்?" என்பாய். நீ பொய் சொல்வதாக நினைக்க மாட்டேன்; உனக்கு அது ஞாபகமே இருக்காது. எனக்குத்தான் உன் பல் வரிசை உட்பட எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நாளை உனக்குக் கல்யாணம். உன் அப்பா வாசலில் பந்தல்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் பாக்கி இருப்பதாகச் சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாளும் நான் கெமிஸ்ட்ரி விடைத்தாள் திருத்துவதில் இங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதிகம் பேசாதவளாக இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள்.

அந்தக் காலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் கேக் வாங்கிக்கொண்டு நின்றோம். மலரை நம் சபைக்கு நீ கூட்டிவந்த முதல் நாள் அது. அரக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட் போட்டிருந்தாள். கையில் சின்னக் கண்ணாடிகள் பதித்து, கழுத்தைப் படகு மாதிரி அகலமாக வெட்டித் தைத்தது. எட்டு மணி சீரியலின் கதாநாயகி அந்த மாதம் முழுக்க அதைப் போலத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு வந்த டிசைன் கிறிஸ்துமசுக்குப் பழசாகிவிடும் இந்த ஊரில், அது அன்றைக்குப் புத்தம் புதிது. பெண்கள் எல்லாரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள். உன் பெரியம்மாவும் பார்த்தாள். சபையில் அந்த டிசைனை முதலில் போட வேண்டியவள் தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"இன்னாம்மா பொண்ணே, கம்பெனில மிஞ்சுன கார் சீட்டுத் துணில ஜாக்கெட் தச்சிகினு வந்துட்டியா?" என்றாள். "பாத்து நில்லு. எவனாவது காருன்னு நெனச்சு ஏறி ஒக்காந்துடப் போறான்."

"பெல்ட்டப் போட்டுக்கோம்மா, போலீஸ் புடிப்பான்" என்று பின்னாலிருந்து இன்னொருத்தி சேர்த்துக்கொண்டாள். கேக் தட்டுகளோடு அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மலரும் மரியாதைக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டாள். மதியம் நம் வீட்டில் பிரியாணி சாப்பிட்டபோதும், சாயங்காலம் நீ அவளை ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டபோதும் அந்த முந்தானை இறங்கவில்லை. இதையும் நீ பார்த்திருக்க மாட்டாய்.

உன் பெரியம்மாவை எனக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகத் தெரியும். என் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கப் போகும் நேரத்தில், "எம்மெஸ்ஸி படிச்சவளுக்கு மூஞ்சிக்குப் பவுடர் போடத் தெரியல பாரு" என்று மேடையிலேயே என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, தன் கைப்பையிலிருந்த பஞ்சால் என் முகத்தை ஒற்றி எடுத்தவள். நம் ஆல்பத்தில் நான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருப்பதைப் பார்த்து நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். பவுடர் என்பது அரைத்த கல் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்தேன். அரசாங்கம் கொடுத்த டிவி நம் வீட்டுக்கு வந்த நாளில் அவள் வந்து, சோபாவில் உட்காராமல் நின்றபடியே பார்த்துவிட்டு, "இலவச டிவில அவ கொஞ்சம் கறுப்பாத் தெரியறா இல்ல?" என்று கேட்டாள். கதாநாயகியைத்தான் சொன்னாள். நீ அப்போது பாலிடெக்னிக் சேர்ந்திருந்தாய். அவள் போன பிறகு ரிமோட்டை எடுத்து வெகுநேரம் நிறத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சமையலறையிலிருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்குகிறேன் என்று நினைத்துவிடாதே. பவுடரையும் டிவியையும் நான் தின்று செரித்துவிட்டேன். மலருடைய முந்தானைதான் செரிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றிப் போதகர் நாளை உங்கள் இருவருக்கும் நன்றாகவே சொல்லுவார். அவர் வேலை அது. நான் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

மலரை நீ எப்படிச் சந்தித்தாய் என்பதை உன் வாயாலேயே பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். ஒரகடத்தில் உங்கள் கம்பெனியில் அவள் கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் இருக்கிறாள். லைன் முடிகிற இடத்தில் நீ மேசை போட்டு நின்று, வருகிற உறையின் தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, நல்லதை அனுப்பி, கெட்டதைத் திருப்புகிறாய். ஒரு நாள் அவள் தைத்ததைத் திருப்பினாய். அவள் மிஷினை விட்டு எழுந்து வந்து, "ரூலர எடுத்து வச்சுப் பாருங்க. கண்ணால பாத்தே ரிஜெக்ட் பண்ணாதிய" என்றாள். ரூலர் அவள் பக்கம் பேசியது. அன்றிலிருந்துதான் என்று சொல்லுவாய். சொல்லும்போது உன் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். லைனில் அந்த மிஷின் சத்தத்தில் பேசிப் பேசி, உங்கள் ரெண்டு பேருக்குமே மெதுவாகப் பேசுவது மறந்துவிட்டது. அவளுடைய தையலில் ஒரு நூல் விலகினால் கண்டுபிடிக்கிற நீ, அவள் முகம் விலகினதைக் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் இதை உன் கண்ணுக்குப் பழக்கமான வழியிலேயே உனக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் புடவைக்கு நிறம் கேட்க அவள் அறைக்குப் போனேன். படப்பையில் மாடியில் ஒரே அறை, அதில் அவளோடு ஆறேழு பெண்கள், எல்லாரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஜன்னல் ஓரத்தில் ஒரு தையல் மிஷின். மிஷின் எண்ணெயைத் துடைக்கிற துணி அதன் மேல் கிடந்தது. அரக்கு நிறம். கண்ணாடிகளைப் பிரித்து எடுத்த இடங்களில் ஓட்டை. நான் அதை எடுத்துப் பார்த்ததை அவள் பார்த்தாள். "அது சாயம் போயிட்டு அத்தை" என்றாள். சாயம் போகவே இல்லை. சாயத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைகள் சீரியல் பார்க்கிற அழகை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் டிவி. கதாநாயகி வந்ததும் ஒருத்தி கையை மட்டும் பார்க்க வேண்டும், ஒருத்தி கழுத்தை, ஒருத்தி முதுகை. அவள் திரும்புகிற ஒரு நொடிக்காக முதுகுக்காரி கண்ணைச் சிமிட்டாமல் காத்திருப்பாளாம். கதை என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. விளம்பரம் வந்ததும் எல்லாரும் தரையில் சாக்பீஸால் அவரவர் பங்கை வரைவார்கள். மலர் அதைச் சேர்த்துத் தாளில் வெட்டுவாள். ஷிப்ட் இல்லாத நாளில் தைப்பாள். அந்த அறையிலிருந்து ஜாக்கெட்டுகள் படப்பை டெய்லர் மாஸ்டர் கடைக்குப் போகின்றன. மாஸ்டர் அவற்றை, "சென்னைல சீரியல் யூனிட்டுக்குத் தைக்கிற ஆளுகிட்ட குடுத்து வாங்குனது" என்று சொல்லி நம் சபைப் பெண்களுக்குக் கொடுக்கிறார்.

கொடியில் ஒரு கிளிப்பச்சைத் துணி தொங்கியது. பக்கத்தில் அளவு ஜாக்கெட். அந்த அளவை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். "இது யாருடையது?" என்று கேட்டேன்.

மலர் தயங்கினாள். இன்னொரு பெண்தான் சொன்னாள்: "ஒங்க வீட்டுப் பெரியவியளோடதுதான் அத்தை. இந்தக் கலியாணத்துக்குப் போடுததுக்கு. மாஸ்டர் குடுத்து விட்டாரு. இதுவரைக்கும் அவியளுக்கு மலருதான் தச்சிருக்கா, அவியளுக்குத் தெரியாது."

உன் பெரியம்மா நம் சபையில் ஒவ்வொரு பண்டிகைக்கும் முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "யூனிட்டு டெய்லர் கைவேல" என்று சொன்னதெல்லாம் மலர் தைத்தது. உனக்கு இது புதுச் செய்தி என்று தெரியும். அவள் உன்னிடம் சொல்லவில்லை. "சொன்னா அவ்வொ சிரிப்பாவ" என்றாள். உன்னைத்தான் சொன்னாள், ஜோயல்.

மாஸ்டர் எதையும் எழுதித் தராமல் வாயாலேயே சொல்லி அனுப்பியிருந்தாராம்: முதுகில் தங்க நிறத்தில், எடுப்பாக, தடித்த தையல் வேண்டும், இதுவரை யாரும் போடாததாக இருக்க வேண்டும். டிவியில் அந்த வாரம் கதாநாயகி ஆஸ்பத்திரியில் படுத்தே இருந்ததால் முதுகுக்காரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன தைப்பது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் சீட்டு முதுகில் இரட்டைத் தையல் ஓடுமே" என்றேன். "ரெண்டு தோளிலிருந்து இறங்கி நடுவில் வந்து சேருமே, அது. பெரியவர் காரில்கூட அந்த சீட்டுதானே?"

உன் பெரியப்பா மனை விற்று வாங்கிய வெள்ளைக் காரைச் சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "ஏட்டி மலரு, அப்படியே கழுத்துல தலசாயுத மெத்தையும் வச்சிரு" என்றாள். அறையே குலுங்கியது. மலர் மட்டும் சிரிக்கவில்லை.

"வேண்டாம் அத்தை. கலியாணத்துக்கு வாறவிய. பாவம்லா."

"பாவம்தான்" என்றேன்.

"அவ்வொ பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாவ. தெனமும் கையால தடவுத தையல்."

"ஜோயல் கண்டுபிடிக்கத்தான் சொல்கிறேன்."

அவள் அந்த எண்ணெய்த் துணியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "நூலு தடிசா வேணும். கம்பெனி நூலு ஒரு முழம் வெளிய வராது, நானும் எடுக்க மாட்டேன். தாம்பரத்துல பாக்கணும்" என்றாள். மறுநாள் பள்ளி விட்டதும் தாம்பரம் போய் நூலும் தடித்த ஊசியும் வாங்கி வந்தது நான்தான். இது என் வேலை. அவளைக் குறை சொல்லாதே.

அவள் மோசமாகத் தைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே கோணலாக ஓட்டியிருந்தால் அது எனக்குப் பிடித்திருக்காது. கிளிப்பச்சையில் அந்தத் தங்க நூல் ரெண்டு கோடாக இறங்கிச் சேருவது பார்க்க அழகாகவே இருக்கிறது. நேற்று உன் பெரியம்மா அதைப் போட்டுப் பார்த்து, எனக்குக் காட்ட இங்கேயே வந்தாள். கண்ணாடி முன் திரும்பி நின்றுகொண்டு, "பார்த்தியா டீச்சர்? யூனிட்டுல இப்பதான் வந்துதாம், இன்னும் டிவிலயே வர்ல. நீயும் ஒண்ணு தச்சிக்கக் கூடாதா? புள்ள கல்யாணத்துக்குக்கூட இந்தக் காட்டன்தானா?" என்றாள். "எனக்கு எதற்கு அக்கா? இது உங்களுக்குத்தான் பொருந்தும்" என்றேன். பிறகு வாசலில் நின்ற காரில் ஏறி, அதே தையல் போட்ட சீட்டில் அதே தையல் போட்ட முதுகைச் சாய்த்துக்கொண்டு போனாள். தினமும் சாய்கிற சீட்டை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நாளை வரவேற்பில் அவள் மேடை ஏறுவாள். ஏறினதும் முதுகைக் காட்டாமல் இறங்க மாட்டாள். உன் லைன் ஆட்கள், மலருடைய அறைப் பெண்கள் எல்லாரும் கீழே இருப்பார்கள். அவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், எப்படியும் சிரிப்பார்கள். உன் பெரியம்மாவுக்கு என் கணக்கு அவ்வளவுதான். உனக்கு வேறு. அந்தச் சிரிப்பு வந்த பிறகு நீயும் சேர்ந்து சிரித்தாயானால், எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. கூட்டம் அன்றைக்கு அந்தப் பக்கம் சிரித்தது, நாளைக்கு இந்தப் பக்கம் சிரிக்கும், நீ ரெண்டிலும் இருப்பாய். அப்படிப்பட்டவனோடு ஒரு பெண் தோளை மூடிக்கொண்டேதான் வாழ வேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது, யாரும் சிரிப்பதற்கு முன்னால் நீ வாயைத் திறந்து அதைத் தைத்தது யார் என்று சொல்வது. அவளுடைய உடையைப் பற்றி, அவளுடைய கையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் முதல் வார்த்தை உன்னுடையதாக இருக்க வேண்டும். புத்திமதி என்று வேறு எதுவும் என்னிடம் இல்லை. நீ சொல்லாவிட்டால், நாளையிலிருந்து இந்த வீட்டில் நான் அவளுக்குத்தான் அம்மா. உனக்கு மாமியார் மாதிரி இருப்பேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதை உனக்கு முன்கூட்டியே தரப் போவதில்லை. தந்தால் அது பரீட்சை இல்லை. விடைத்தாள் திருத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

கல்யாணம் முடிந்துவிட்டது; நடந்ததை இதன் கீழேயே எழுதுகிறேன். நீ அங்கே இருந்தாய், ஆனால் உனக்கு எதிரே இருந்ததைத்தான் பார்த்திருப்பாய்.

மணிமங்கலம் ரோட்டு மண்டபத்தில் அப்படியொரு புழுக்கம். மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. நான் மேடையின் ஓரத்தில், பரிசுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பிற்பகல் உன் பெரியம்மா வந்தாள். பெரியப்பா உன் கையைக் குலுக்கிவிட்டுப் போட்டோவுக்கு நின்றார். அவள் நிற்கவில்லை. "இருப்பா போட்டோகிராபரு, மொதல்ல பின்னாடி ஒண்ணு எடு" என்று சொல்லி, உங்கள் இருவருக்கும் நேராக முதுகைத் திருப்பினாள். "ஜோயலு, பாத்துக்கோ. ஒன் பொண்டாட்டிக்கும் இப்படி ஒண்ணு தச்சுக் குடுக்கச் சொல்றேன், அந்த யூனிட்டு ஆளுகிட்ட."

மலர் நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ முதுகைப் பார்த்தாய். வேலையில் பார்ப்பாயே, அதே மாதிரி, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாய். உன் கட்டைவிரல் தானாக அசைந்ததைப் பார்த்தேன். உதட்டோரம் துடித்தது. சிரித்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நொடியில் உன்னை நான் வெறுத்தேன், எழுதிவைக்கிறேன். பிறகு நீ மலர் பக்கம் திரும்பினாய். அவள் அப்போதும் உன்னைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கை முந்தானையைத் தேடிப் போனது. நீ அந்தக் கையைப் பார்த்தாய். பிடித்து நிறுத்தினாய்.

"யூனிட்டும் இல்ல கினிட்டும் இல்ல பெரியம்மா. மலர் தச்சது" என்றாய். "எங்க லைன் தையல். ஒங்க கார் சீட்டுல இருக்கிறதும் இவ தச்சதுதான்."

உனக்கு மெதுவாகப் பேச வராது என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். மண்டபத்தின் கடைசிப் பந்தி வரைக்கும் கேட்டது. மலருடைய அறைப் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து, "ஆத்தீ, அக்கா பெல்ட்டப் போடுங்க!" என்று ஒரு குரல். அப்புறம் மண்டபமே சிரித்தது. கிறிஸ்துமஸ் அன்று கேக் தட்டோடு சிரித்தவர்களும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. மலர் சிரித்தாள், வாயைப் பொத்தாமல்.

உன் பெரியம்மாவின் கை முதுகுக்குப் போனது. எட்டவில்லை. முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டாள். அந்தப் புழுக்கத்தில் அப்படியே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பவுடர் கழுத்துவழியாக வெள்ளைக் கோடாக இறங்கியது. நான் அவளுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாகப் பாயசம் இன்னொரு தடவை வாங்கிக் குடித்தேன்.

கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்தாள். "இது ஒன் வேலதானே டீச்சர்?"

"ஆமாம் அக்கா" என்றேன்.

அவளை வழியனுப்ப வாசல் வரை போனேன். வெள்ளைக் காரின் கதவைத் திறந்தவள், ஏறுவதற்கு முன் அந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏறி, முதுகைச் சாய்க்காமல், முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார் கிளம்பி ரோட்டில் ஏறியது. அது வளைவில் திரும்பும்வரை நான் நின்று பார்த்தேன். அவள் சாயவே இல்லை.